காரில் பெயர்ந்த பெயிண்ட்: குழியைப் பார்த்துக் குறையைச் சரிசெய்யும் முறை

நெடுஞ்சாலையில் ஜல்லி ஏற்றிய லாரியின் பின்னால் சிறிது தூரம் ஓட்டினாலே போதும். மறுநாள் வண்டியைக் கழுவும்போது பானட்டின் முன்விளிம்பில் கடுகளவில் ஒன்றிரண்டு புள்ளிகள் கண்ணில் படும். உடனே கடைக்குப் போய் வண்டியின் நிறத்தில் ஒரு டச்சப் (பெயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டுவைக்கும் பெயிண்ட்) பாட்டில் வாங்கி, அதன் மூடியில் இருக்கும் தூரிகையாலேயே தடவிவிடுவதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அப்படித் தடவிய இடங்கள் சில மாதங்களில் மேடுதட்டி, நிறம் வேறுபட்டு, சில சமயம் அடியில் துருவும் ஏறி, முன்பிருந்த புள்ளியைவிட மோசமாகத் தெரிவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்; என் வண்டியிலும் பார்த்திருக்கிறேன். குழி எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பார்க்காமல், எல்லாக் குழிக்கும் ஒரே வைத்தியம் செய்வதுதான் இதற்குக் காரணம். தகட்டுக்குத் தண்ணீர் போகாமல் அடைப்பது முதல் வேலை. கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது இரண்டாவது வேலை. இந்த வரிசை மாறினால் செய்த உழைப்பு நிற்காது.

குழியின் அடியில் என்ன நிறம் தெரிகிறது?

தொழிற்சாலையில் பூசப்படுவது ஒரே பூச்சு அன்று. எஃகுத் தகட்டின் மேல் மின்முறையில் ஏற்றப்படும் துருத்தடுப்புப் பூச்சு சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதன் மேல் நிறம் பிடிப்பதற்கான அடிப்பூச்சாகிய பிரைமர் 30 முதல் 40 மைக்ரான். அதற்கு மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட் 15 மைக்ரானை ஒட்டி. எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் 40 மைக்ரானை ஒட்டி இருக்கும். மொத்தமாகப் பார்த்தால் நாம் அச்சிடப் பயன்படுத்தும் ஏ4 தாளின் தடிமனைவிடச் சற்றே கூடுதல். இந்த மெல்லிய தோலுக்குள்தான் நம் வேலை முழுவதும் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பொறுமையின் அவசியம் புரியும்.

வண்டியை ஷாம்பூவால் கழுவித் துடைத்துவிட்டு, கைபேசியின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, குழியை அருகிலிருந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியின் நிறமே அடியிலும் தெரிந்தால் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது. சாம்பலோ வெண்மையோ தெரிந்தால் பிரைமர் வரை போயிருக்கிறது. உலோகத்தின் பளபளப்போ செம்பழுப்போ தெரிந்தால் தகடு வெளியே வந்துவிட்டது. கூடவே ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்தப் பாகத்தில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. பாகம் முழுவதும் ஒட்டாவிட்டால் அது அலுமினியமோ பிளாஸ்டிக்கோ ஆகும். ஓரிடத்தில் ஒட்டி இன்னோரிடத்தில் நழுவினால், அங்கே முன்பே டிங்கரிங் செய்து (நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி) பட்டி எனும் நிரப்புப் பசை பூசியிருக்கிறார்கள் என்று பொருள்; பழைய வண்டி வாங்கியவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும், ஏனெனில் பட்டியின் மேல் பெயர்ந்த பெயிண்டுக்குப் புள்ளிவைத்துச் சரிசெய்யும் முறை நிலைக்காது.

கோடு தெரிகிறது, ஆனால் தண்ணீர் பட்டால் மறைகிறது

இது பெயர்வு அன்று, கிளியர் கோட்டில் விழுந்த மேல்கீறல். நகத்தை அதன் குறுக்கே இழுத்தால் மாட்டாது. பெயிண்ட் எதுவும் வைக்கக் கூடாது. நுண்ணிய காம்பவுண்டை (தேய்த்து மெருகேற்றும் பசையை) மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துத் தேய்த்து, பிறகு பாலிஷ் போட்டால் போதும். அடுத்த வண்டி உரசியதால் அதன் நிறம் நம் வண்டியில் ஒட்டியிருந்தாலும் இதே வழிதான். தேய்க்கும்போது வெள்ளைத் துணியில் நம் வண்டியின் நிறம் இறங்கினால், அந்த வண்டிக்கு மேலே கிளியர் கோட் இல்லை, நிறப்பூச்சே மேல்பூச்சு என்று தெரிந்துகொண்டு அளவோடு நிறுத்துங்கள்.

குழியின் அடி சாம்பலாகவோ வெண்மையாகவோ இருக்கிறது

வீட்டிலேயே நிறைவாகச் செய்யக்கூடியது இந்த நிலைதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிறத்தின் பெயரைச் சொல்லிப் பெயிண்ட் வாங்காதீர்கள்; எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஒரே நிறுவனத்தின் வெள்ளையிலேயே பல வகை உண்டு. பெயிண்ட் எண் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தின் ஸ்டிக்கரிலோ, பானட்டுக்கு அடியில் உள்ள தகட்டிலோ இருக்கும். வோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் ஒட்டியிருப்பார்கள். முத்துவெள்ளை போன்ற சில நிறங்கள் மூன்றடுக்காகப் பூசப்பட்டவை. அடியில் வெறும் வெள்ளை, நடுவில் முத்து மினுக்கம், மேலே கிளியர் என்று அவற்றுக்கு இரண்டு நிறப் பாட்டில்கள் வேண்டும். ஒரு பாட்டிலை மட்டும் கொடுத்து இதுவே போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது எண்ணெய்ப்பசை நீக்குவது. மெழுகு, சிலிகான் பாலிஷ், சாலையின் தார்ப்பிசுக்கு ஆகிய மூன்றும் குழிக்குள் இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் அதே துணியைச் சுற்றிக் குழிக்குள்ளும் துடைக்க வேண்டும். பெட்ரோலால் துடைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது காய்ந்த பிறகு மெல்லிய படலத்தை விட்டுச்செல்லும், தீ அபாயமும் உண்டு, ஆகவே அதை விட்டுவிடுவது நல்லது.

பாட்டிலை இரண்டு மூன்று நிமிடம் விடாமல் குலுக்குங்கள். மெட்டாலிக் நிறங்களில் மினுமினுக்கும் அலுமினியத் துகள்கள் அடியில் படிந்திருக்கும். அரைகுறையாகக் குலுக்கினால் மேலே உள்ள நிறமி மட்டும் வந்து புள்ளி இருண்டு தெரியும். பிறகு மூடித் தூரிகையை ஒதுக்கிவிட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியில் பெயிண்டைத் தொட்டு, அதில் தொங்கும் சிறு துளியைக் குழியின் நடுவில் மட்டும் வையுங்கள். துளியைப் பரப்ப வேண்டாம். அது தானாகவே ஓரம் வரை ஓடி நின்றுகொள்ளும். காய்ந்ததும் துளி உள்வாங்கும், ஏனெனில் அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகும் கரைப்பான். ஒரு மணி நேரம் கழித்து அடுத்த துளி, பிறகு இன்னொன்று என மூன்று நான்கு முறை வைத்து, குழி நிரம்புவதற்குச் சற்று முன்பே நிறுத்த வேண்டும்; மேலே மிச்சமிருக்கும் இடம் கிளியருக்கு உரியது. ஒரு நாள் கழித்து அதே முறையில் கிளியரை இரண்டு மூன்று துளிகளாக வைத்து, கடைசித் துளி சுற்றியுள்ள மட்டத்தைவிட இம்மியளவு உயர்ந்து நிற்கும்படி விடுங்கள்.

இதோடு விட்டுவிட்டாலும் குறையில்லை. கண் நேராகப் போய் நிற்காத அளவுக்குப் புள்ளி மறைந்திருக்கும். மட்டமாக்க விரும்புவோர் ஒரு வாரமாவது பொறுத்து, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 2000 எண் வாட்டர் பேப்பரைப் (எண் கூடக்கூட உப்புத்தாள் நுண்மையாகும்) பத்துப் பைசா அளவுக்கு வட்டமாக வெட்டி, பென்சிலின் பின்புற ரப்பரில் ஒட்டி, ஒரு சொட்டு ஷாம்பூ கலந்த தண்ணீர் விட்டு, புள்ளியின் மேல் மட்டும் நாலைந்து முறை சுழற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். மேடு போனதும் 3000 எண், பிறகு காம்பவுண்ட், பிறகு பாலிஷ். பானட்டின் மடிப்புக்கோடுகளிலும் கதவு விளிம்பிலும் இதைச் செய்யாதீர்கள். அங்கே கிளியர் கோட் மெலிந்திருக்கும். இரண்டு தேய்ப்பில் பிரைமர் வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு பாகம் முழுவதையும் பூசுவதுதான் வழி. சரிசெய்த இடத்தில் ஒரு மாதம் வரை மெழுகு போட வேண்டாம்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். சித்திரை, வைகாசி வெயிலில் நிற்கும் வண்டியின் தகட்டைக் கையால் தொட முடியாது. அதில் வைத்த துளி மேலே தோல்கட்டி, உள்ளே கரைப்பான் சிக்கிக் குமிழிடும். ஆடிக் காற்றில் தூசி ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதம் கெடுக்கும். மார்கழியில் தகட்டின் மேல் பனி படிந்திருப்பதால், வெயில் ஏறித் தகடு காய்ந்து இளஞ்சூடான பிறகே தொடங்க வேண்டும். கோடையில் என்றால் காலை பத்து மணிக்குள் நிழலில் முடித்துவிடுவது உகந்தது.

குழியில் செம்பழுப்பு தெரிகிறது

இது துரு. இந்த இடத்தில் அழகைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். துருவின் மேல் பூசிய எந்தப் பெயிண்டும் துருவை மூடுகிறதே தவிர நிறுத்துவதில்லை. ஈரமும் காற்றும் அடியில் இருக்கும் வரை துரு பக்கவாட்டில் பரவிக்கொண்டேதான் இருக்கும்.

என் வண்டியில் முன்கண்ணாடிக்கு மேலே, கூரையின் விளிம்பில், மிளகளவுக் குழி ஒன்று இருந்தது. மழைக்கு முன்பே பார்த்தும், மழை முடியட்டும் என்று விட்டுவிட்டேன். தை மாதம் மறுபடி பார்த்தபோது குழி அதே அளவில்தான் இருந்தது. சுற்றியிருந்த பெயிண்டும் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் விரல் நுனியால் தடவியபோது குழியைச் சுற்றி மெல்லிய புடைப்பு தட்டுப்பட்டது. ஊசியின் முனையால் ஓரத்தை நெம்பினேன். அவித்த முட்டையின் ஓடு தோலோடு பிரிந்து வருவதுபோல் பெயிண்ட் சிறிய சில்லாகத் தூக்கிக்கொண்டது. அடியில் துவரம்பருப்பு அளவுக்குத் துரு, நடுவில் கறுத்தும் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்திலும் இருந்தது. வெளியே தெரிந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உள்ளே பரவியிருந்தது. அன்றுமுதல் செம்பழுப்பு தெரியும் எந்தக் குழியையும் ஊசியால் நெம்பிப் பார்க்காமல் நான் பெயிண்ட் வைப்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். எளிதில் பெயரும் பெயிண்டை எல்லாம், தகட்டை இறுகப் பற்றியிருக்கும் ஓரம் வரும் வரை, கூச்சப்படாமல் எடுத்துவிடுங்கள். குழி பெரிதாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அது ஏற்கெனவே அந்த அளவுக்குக் கெட்டிருந்தது, இப்போதுதான் நமக்குத் தெரிகிறது. பிறகு 400 எண் உப்புத்தாளின் சிறு துண்டைப் பென்சில் நுனியில் ஒட்டி, உலோகம் வெளுத்துத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். நுண்துளைகளில் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். அவற்றுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் எனப்படும், டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ கலந்த திரவத்தைக் குச்சி நுனியால் வைத்தால், அது மிச்சத் துருவோடு வினைபுரிந்து நிலையான சேர்மமாக மாற்றும். டானிக் அமிலம் உள்ளதாக இருந்தால் துரு கருநீலமாகக் கறுத்துப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் திரவம் நல்ல பெயிண்டில் படாதபடி சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். கழுவ வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் பாட்டிலில் உள்ள குறிப்பைப் படித்து அதன்படி நடக்க வேண்டும்.

அது முழுவதும் உலர்ந்த பிறகு, வெறும் உலோகத்துக்கு உரிய எபாக்சி பிரைமரை மெல்லிய இரண்டு பூச்சாக வையுங்கள். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, பட்டியும் அப்படியே. குழியை ஒரே மூச்சில் நிரப்ப நேரடியாகப் பட்டியைத் தேய்த்துவிட்டு மேலே நிறம் வைத்தால், தண்ணீரைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்து வைப்பதாகவே முடியும். பிரைமர் காய்ந்த பின் முன்பு சொன்ன முறையில் நிறமும் கிளியரும் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தகடு தெரியும் குழியை இன்றே துடைத்துக் காயவைத்து, ஒரு துளி எபாக்சி பிரைமரோ அதுவும் இல்லாவிட்டால் ஒரு துளி கிளியரோ வைத்து மூடிவிடுங்கள். நிறத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். உப்புக் காற்றில் துரு ஏறும் வேகம் உள்நாட்டில் இருப்பவர்களுக்குப் பழக்கமான வேகம் அன்று.

அலுமினியப் பானட்டில் செம்பழுப்பு வராது. வெள்ளை மாவுபோல் பூத்து, பெயிண்ட் கொப்புளித்து நிற்கும். சுரண்டிச் சுத்தம் செய்வது ஒன்றே என்றாலும், எஃகுக்குப் பயன்படுத்திய அதே உப்புத்தாளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, அதில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

குழியின் ஓரம் செதிலாகத் தூக்கி நிற்கிறது

நகம் பட்டால் ஓரம் அசைகிறது என்றால், கல் பட்ட அதிர்ச்சியில் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கின்றன. இதன் மேல் பெயிண்ட் வைத்தால் தூக்கிய செதிலோடு சேர்ந்தே பின்னால் உதிரும். நல்ல ஒட்டும் தன்மையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். வர வேண்டியது வந்துவிடும். பிறகு ஓரத்தை 1500 எண் தாளால் சற்றே சரிவாக்கிக்கொண்டு வழக்கம்போல் தொடரலாம். டேப்போடு உள்ளங்கை அளவுக்கு உரிந்து வந்தால் மனம் வருந்த வேண்டாம். அது முன்பு எப்போதோ சரியாகத் தேய்க்காமல் மறுபூச்சு செய்யப்பட்ட பாகம், இன்றில்லாவிட்டால் நாளை உரிந்திருக்கும்.

பம்பரில் பெயர்ந்து கறுப்பாகத் தெரிகிறது

பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். துரு வராது என்பதால் அவசரமில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் எளிதில் பிடிக்காது. பிளாஸ்டிக் பிரைமர் எனக் கடைகளில் கிடைக்கும் ஒட்டுப்பூச்சை முதலில் மெல்லியதாக வைத்து, அதன் மேல்தான் நிறம் வைக்க வேண்டும்.

சரிசெய்த பிறகு தோன்றும் குறைகள்

புள்ளி குமிழாக மேடுதட்டி நிற்பதுதான் அடிக்கடி காணும் குறை. ஒரே முறையில் அதிகம் வைத்ததால் வருவது இது. தொழிற்சாலைப் பூச்சு சூட்டில் இறுகியது, டச்சப் பெயிண்ட் வெறும் காற்றில் காய்ந்தது. இந்த வேறுபாடு இங்கே உதவுகிறது. பழைய ஏடிஎம் அட்டையின் மேல் பருத்தித் துணியை இறுகச் சுற்றி, அதில் தின்னரைச் சில சொட்டுகள் மட்டும் விட்டு, மேட்டின் மேல் ஒரே திசையில் இலேசாக இழுத்தால், புதிய பெயிண்ட் மட்டும் கரைந்து மட்டமாகும். துணி சொதசொதவென்று நனைந்திருந்தால் குழிக்குள் உள்ளதும் வந்துவிடும். தொடங்கும் முன் கதவின் உள்விளிம்பில் தின்னர்த் துணியைத் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினாலோ மினுக்கம் மங்கினாலோ இந்த முறை உங்கள் வண்டிக்கு ஆகாது. முன்பே பட்டறையில் பூசப்பட்ட பாகத்திலும் இதைத் தவிர்க்க வேண்டும்.

நிறம் ஒத்துவரவில்லை என்பது அடுத்த மனக்குறை. கிளியர் வைப்பதற்கு முன் பேஸ் கோட் மங்கலாகத்தான் தெரியும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிளியருக்குப் பிறகும் இருண்டு தெரிந்தால் பாட்டில் சரியாகக் குலுக்கப்படவில்லை, அல்லது துளி தடிமனாகிவிட்டது. சில்வர், கிரே போன்ற மெட்டாலிக் நிறங்களில், ஸ்பிரேயில் படுக்கையாகப் படியும் துகள்கள் குச்சி நுனியில் தாறுமாறாகப் படிவதால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் சாய்த்துப் பார்க்கையில் சிறிது வேறுபாடு இருக்கும். இதை ஏற்றுக்கொள்வதுதான் சரி. பத்தாண்டு வெயிலில் நின்ற சிவப்பு வண்டி வெளிறியிருப்பதால் எண் பொருந்தியும் நிறம் பொருந்தாது; அப்படிப்பட்ட வண்டியைப் பெயிண்ட் கலக்கும் கடைக்கே ஓட்டிச்சென்று, பாகத்தைப் பார்த்துக் கலக்கச் சொல்ல வேண்டும்.

கிளியர் பால்போல் வெளுத்திருந்தால் ஈரப்பதம் உள்ளே சிக்கியிருக்கிறது. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து மிதமாகச் சூடாக்கினால் சில சமயம் தெளியும். தெளியாவிட்டால் எடுத்துவிட்டு வறண்ட நாளில் மறுபடி வையுங்கள். வைத்த துளி ஓரத்துக்கு ஓடாமல் நடுவில் சுருண்டு நின்றால் எண்ணெய்ப்பசை போகவில்லை. அப்போதே துடைத்தெடுத்து ஆல்கஹாலால் மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். சில மாதத்தில் ஓரத்தில் மீண்டும் செம்பழுப்பு எட்டிப்பார்த்தால் துரு முழுவதும் போகவில்லை. மேலே பூசாமல், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டறைக்கே போக வேண்டிய நிலை

கூரையிலோ பானட்டிலோ கிளியர் கோட் வெயிலில் வெந்து, பாம்புச் சட்டைபோல் ஏடேடாக உரிந்துவந்தால், அது கல் பட்ட பெயர்வு அன்று. பாகம் முழுவதையும் தேய்த்துப் பூசித்தான் ஆக வேண்டும். ஒரு உளுந்தைவிடப் பெரிய பெயர்வும், தகடு உள்வாங்கிய பெயர்வும், சக்கர வளைவின் மடிப்புக்குள் தொடங்கிய துருவும் இந்த வகைதான். இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து பயன்படுத்தும் இரண்டு பகுதிக் கிளியரை வீட்டு வாசலில் ஸ்பிரே செய்யத் துணிய வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

ஒரு பாகத்துக்காகக் காப்பீட்டில் கோருவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓராண்டு கோரிக்கை இல்லாவிட்டால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில்) 20 சதவீதத்தில் தொடங்கும் தள்ளுபடி, தொடர்ந்து ஐந்தாண்டு கோராதவருக்கு 50 சதவீதம் வரை ஏறும். ஒரு சிறு கோரிக்கை வைத்தாலும் அடுத்த புதுப்பிப்பில் அந்தத் தள்ளுபடி போய்விடும். பெயிண்டரிடம் பேசும்போது, வேறுபாடு தெரியாதபடி பக்கத்துப் பாகத்துக்கும் நிறத்தைப் படிப்படியாக மெலிதாக்கிப் பூசுவாரா, உலோகம் தெரியும் இடத்தில் எபாக்சி பிரைமர் வைப்பாரா என்ற இரண்டையும் கேளுங்கள். கலந்த நிறத்தை முதலில் ஒரு அட்டையில் அடித்துக் கிளியரும் போட்டுக் காயவைக்கச் சொல்லி, அதை வண்டியின் மேல் வைத்து, பட்டறையின் டியூப்லைட்டில் அல்லாமல் வெளியே பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.